ஐந்து மாதம் தூங்கிய வரி

அநியாயம் நடந்தது ஜெபசீலிக்கு. செய்தது எங்கள் கணினித் துறை. செய்த விதம் இது: ஆயுத பூஜைக்காக நிறுத்திவைத்த சர்வரை, விஜயதசமிக்கு மறுநாள் காலையில், பேராசிரியர் சங்கரலிங்கம் சார் போனில் சொன்னார் என்பதற்காக விடுதியிலிருந்து நடந்து வந்து அவள் சுவிட்சைப் போட்டாள், அரை மணி நேரத்தில் அறுநூற்று நாற்பத்தொரு மாணவர்களின் வருகைப்பதிவும் அக மதிப்பெண்ணும் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, ஆகவே அழித்தவள் அவள். சுவிட்சைப் போட்டவள்தான் அழித்தவள். முனைவர் பட்டம் வாங்கிய ஏழு பேர் கூடி உட்கார்ந்து கண்டுபிடித்த தர்க்கம் இது. அப்படிப் பார்த்தால் விளக்கைப் போடுகிறவன்தான் அறையில் இருக்கும் குப்பையையெல்லாம் கொட்டியவன். அவளிடம் 'என் கவனக்குறைவால்' என்று தொடங்கும் ஒரு கடிதத்தை எழுதி வாங்கினார்கள், லேபுக்குள் கால் வைக்கக் கூடாது என்றார்கள், இன்றைக்கு, வியாழக்கிழமை, பதினொன்றரை மணிக்குத் துறைக்குழு கூடி அவளுடைய கடைசி செமஸ்டர் புராஜெக்டைப் பதிவு செய்வதா, அடுத்த வருடத்துக்குத் தள்ளுவதா என்று முடிவெடுக்கப் போகிறது. தள்ளினால் ஒரு வருடம் போச்சு. ஒரு வருடம் என்றால் எங்கள் வீடுகளில் என்ன அர்த்தம் என்று அந்த ஏழு பேருக்கும் தெரியும், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு இலை போடுகிற அர்த்தம். இப்போது மணி பத்து ஐம்பத்திரண்டு. நான் இசக்கியம்மாள், எம்.சி.ஏ. இறுதியாண்டு, ஜெபசீலியின் அறைத்தோழி, வாயாடி என்று துறை முழுக்கப் பெயர் எடுத்தவள், சர்வர் அறையில் செருப்பில்லாத காலோடு குளிர்ந்த தரையில் உட்கார்ந்து, தொடங்கு என்ற கட்டளைக்கு என்டரைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் நாற்காலியில் சங்கரலிங்கம் சார். ஏசிக்குக் கீழே கை கட்டிக்கொண்டு லேப் உதவியாளர் முருகையா அண்ணன். திரையில் எழுத்துகள் ஓடி வந்தன, இருபது முப்பது வரி, அப்புறம் சடக்கென்று நின்றுவிட்டன. கர்சர் மட்டும் துடிக்கிறது.

பயப்படாதே, இது தெரிந்த இடம்தான், காலையில் முதல் தடவை எழுப்பியபோதும் இங்கேதான் நின்றது. உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் யாரும் ஊகிக்க முடியாத ஒரு ரகசிய எண் கொடுக்க வேண்டும், அந்த எண்ணைச் செய்வதற்கு இந்த ஜாவா சர்வருக்குக் கொஞ்சம் குழப்பம் தேவை, நிஜமான குழப்பம், யாரும் ஒழுங்குபடுத்தாத குழப்பம், அதை அது கீபோர்டில் விழும் தட்டல்களிலிருந்தும் மவுஸின் அசைவிலிருந்தும் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்க்கும். யாரும் எதையும் தொடாத மூடிய அறையில் குழப்பத்துக்கு எங்கே போகும், பாவம். அதனால் நான் கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டில் பத்து விரலாலும் தட்டுகிறேன். "என்னம்மா பண்ணுத?" என்கிறார் சார். "சும்மா தட்டுதேன் சார். அதுக்குக் குழப்பம் பத்தல." முருகையா அண்ணன் தொண்டைக்குள் சிரிக்கிறார். "துறையில இல்லாத குழப்பமா தாயி, வெளிய கொண்டுபோயி வச்சா நிமிசத்துல நிறைஞ்சுரும்." சார் சிரிக்கவில்லை. சார் காலை ஒன்பதரையிலிருந்து சிரிக்கவில்லை. நான் மே ஒன்பதாம் தேதியைப் பற்றிக் கேட்டதிலிருந்து. மூன்று விதமாகக் கேட்டுவிட்டேன். மே ஒன்பதாம் தேதி இந்த அறைச் சாவி யாரிடம் இருந்தது சார் என்று கேட்டேன். பதிவேட்டைப் பார்க்கணும்மா என்றார். கோடை விடுமுறையில் யார் சார் வேலைக்கு வந்தது என்று கேட்டேன். எல்லாரும் மாறி மாறி வந்தோம் என்றார். கடைசியில் நேராகவே, இந்த ஃபைலை யார் சார் மாற்றியது என்று கேட்டேன். முதல்ல சோதனையைக் காட்டும்மா என்றார். மூன்று கேள்வி, மூன்று பதில், மூன்றும் பதில் இல்லை. வகுப்பில் இப்படி எழுதினால் இவர் சுழித்துச் சிவப்பு மையில் 'பொருத்தமற்றது' என்று போடுவார்.

ஒரு வரிதான். ஒரே ஒரு வரி, அதில் ஒரே ஒரு சொல். சர்வர் எழும்போது தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கும் அட்டவணைகளை என்ன செய்வது என்று சொல்லும் வரி. அதில் 'வேலிடேட்' என்று இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கும். 'அப்டேட்' என்றால் இல்லாததைச் சேர்த்துக்கொள்ளும். 'கிரியேட்' என்றால் இருப்பதையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் காலி அட்டவணைகளைக் கட்டும். எங்கள் ஃபைலில் இருந்தது 'கிரியேட்'. யாரோ காலியான தளம் ஒன்றை வேண்டி அதை எழுதியிருக்கிறார்கள், எழுதிய தேதி மே ஒன்பது, மாலை நான்கு மணி பத்து நிமிடம், ஃபைலே சொல்கிறது. எழுதியதும் ஏன் அழியவில்லை என்று தலைமேல் அடித்த மாதிரி மூன்று நாள் சுற்றினேன். சாப்பாட்டுக் கூடத்தில், குளியலறையில், ஜெபசீலி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில். அப்புறம் ஒரு மதியம் தட்டில் ரசத்தை ஊற்றும்போது புரிந்தது, சர்வர் அந்த ஃபைலை எழும்போது ஒரு தடவைதான் படிக்கும், ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் நீங்கள் என்ன எழுதினாலும் அதற்குத் தெரியாது, எங்கள் சர்வர் வருடத்துக்கு ஒரு தடவைதான் படுத்து எழும். எல்லா ஊரிலும் சர்வரை மாதத்துக்கு ஒரு தடவையாவது நிறுத்தி எழுப்புவார்களாம். எங்கள் துறையில் யூபிஎஸ் உண்டு, ஜெனரேட்டர் உண்டு, நிறுத்துவதற்குப் பயமும் உண்டு. ஆயுத பூஜைக்கு மட்டும்தான் நிறுத்துவோம். மே மாதத்தில் எழுதிய வரி ஐந்து மாதம் கண்ணை மூடிக் கிடந்தது, சரஸ்வதிக்குச் சுண்டல் படைத்து, மெஷினுக்கு ஓய்வு கொடுத்து, மறுபடி எழுப்பியபோது அதுவும் கூடவே எழுந்தது. ரசம் தட்டைத் தாண்டி மேசையில் ஓடி என் சுடிதாரில் வடிந்ததை வார்டன் சொல்லித்தான் பார்த்தேன்.

மே ஒன்பதாம் தேதி ஜெபசீலி சாயர்புரத்தில் அவள் அக்கா பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று போயிருந்தாள், விடுதியே பூட்டிக் கிடந்தது, அவளுக்கு சர்வரின் பாஸ்வேர்டே தெரியாது. இதைச் சொன்னபோது, "பாஸ்வேர்டைத்தான் கீபோர்டுக்கு அடியில ஒட்டியிருக்கோமே" என்றார் ஒரு உதவிப் பேராசிரியை, அதை ஏதோ பெருமை போல. சரி மேடம், சாயர்புரத்திலிருந்து கையை நீட்டி எடுத்திருப்பாள். நான் சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். இன்னொருவர் டீ குடித்துக்கொண்டே, "சுவிட்சைப் போடுததுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு பெட்டியில வச்ச குங்குமத்தையாவது தொட்டுக் கும்பிட்டாளா, அவுகளுக்கு அந்தப் பழக்கம் இருக்காதுல்லா" என்றார், எல்லாரும் சிரித்தார்கள், வேடிக்கைக்குத்தான், நான் கோபப்பட்டபோது ஒரு சிரிப்புக்குப் போயி என்றார்கள். ஒரு சிரிப்புக்கு. சிரிப்பாக வருகிற எதையும் எதிர்த்துப் பேச முடியாதபடி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். முருகையா அண்ணன் அன்றைக்கு இரவெல்லாம் தூங்கவில்லையாம், தான் சர்வர் பெட்டியில் சந்தனம் தடவும்போது ஈரம் உள்ளே இறங்கிவிட்டதோ என்று. இப்போதும் இந்த அறையில் கற்பூர வாசனை போகவில்லை, பெட்டியின் நெற்றியில் குங்குமம் காய்ந்து பொரிந்து நிற்கிறது. "நான் பூசை போட்டது தப்பாம்மா?" என்று காலையில் என்னிடம் கேட்டார். இல்லண்ணே, நீங்க நிறுத்தலன்னா அந்த வரி இன்னும் எவ்வளவு நாள் ஒளிஞ்சு கெடந்திருக்கும், நீங்க வெளிய கொண்டுவந்தீங்க என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, முகம் லேசாயிற்று. எழுதிய குற்றத்தைத் தவிர மற்ற எல்லாக் குற்றத்துக்கும் ஆள் கிடைத்துவிடுகிறது.

அவள் ஏன் அந்தக் கடிதத்தை எழுதினாள். இதுதான் எனக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வராமல் நிற்கிறது. "ஏட்டி, நீ செய்யாததை நீ ஏன் எழுதிக் குடுத்த?" என்று கேட்டேன். "எழுதிக் குடுத்தா விட்டுருவாங்கன்னு நெனச்சேன்ட்டி." "விட்டாங்களா?" "நீ வேற ஏன்ட்டி சத்தம் போடுத, பேசாம இரு." நான் எப்படிப் பேசாமல் இருப்பேன், இந்த உலகத்தில் எழுதிக்கொடுத்து முடித்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் ஒரு சாதி, எழுதிக்கொடுத்ததையே ஆதாரமாக நீட்டுகிறவர்கள் இன்னொரு சாதி. நான் சண்டை போட்டுத்தான் இன்றைக்கு இந்த இரண்டு மணி நேரத்தை வாங்கினேன். ஆகஸ்டு மாதத்து நகல் ஒன்று பென் டிரைவில் இருக்கிறது, அதை ஏற்றுகிறேன், அந்த வரி இருக்கும்போது எழுப்பிக் காட்டுகிறேன், அந்த வரியை மாற்றிவிட்டு எழுப்பிக் காட்டுகிறேன், இரண்டையும் நீங்களே பாருங்கள். காலையில் ஆகஸ்டு நகலை ஏற்றினேன், சார் எதிரில் எண்ணிக் காட்டினேன், அறுநூற்று நாற்பத்தொன்று. சுவிட்சைத் தொடாமல், யாரையும் தொடவிடாமல், கட்டளை கொடுத்து சர்வரை மட்டும் எழுப்பினேன். மறுபடி எண்ணினேன். சைபர். அந்தச் சைபரைப் பார்த்தபோது சாரின் மூச்சு என் தோளுக்குப் பின்னால் ஒரு கணம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். அந்த மூச்சு இப்போதுதான் தெரிந்துகொண்ட மூச்சா, ஏற்கெனவே தெரிந்த மூச்சா, பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறது. மறதி மன்னிக்கத்தக்கது, நான் வாதத்துக்காக மட்டும் சொல்லவில்லை, எனக்கே நூறு மறதி உண்டு. ஆனால் இந்தப் பதினோரு நாளும் தெரிந்திருந்து அவளை எழுதவிட்டிருந்தால். இல்லை, இவர் அப்படி இல்லை, முதலாண்டில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் வீட்டிலிருந்து கஞ்சி கொடுத்தனுப்பினார். கஞ்சி கொடுத்தவர் பொய் சொல்ல மாட்டார் என்று எந்தத் தர்க்கத்தில் இருக்கிறது இசக்கி?

திரை இன்னும் நிற்கிறது. மணி பத்து ஐம்பத்தாறு. தட்டு, இன்னும் தட்டு. பொட்டலம். நான் பொட்டலத்தை மறந்துவிட்டேன். பயன்பாடு முழுவதையும் ஒரே பொட்டலமாகக் கட்டித்தான் சர்வரிடம் கொடுப்பார்கள், சர்வர் அதைப் பிரித்து ஒரு கோப்புறையில் பரப்பி வைத்துக்கொண்டு அதிலிருந்து ஓட்டும். ஆகஸ்டு நகலை மறுபடி ஏற்றிவிட்டு நான் 'வேலிடேட்' என்று மாற்றியது பரப்பி வைத்த கோப்புறையில். பொட்டலத்தில் இல்லை. பொட்டலம் கோப்புறையைவிடப் புதியதாகத் தெரிந்தால் சர்வர் எழும்போது கோப்புறையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பொட்டலத்தை மறுபடி பிரிக்கும். நான் என்ன செய்தேன், ரொம்பக் கவனமாக இருக்கிறேன் பேர்வழி என்று முதல் சோதனை முடிந்ததும் பொட்டலத்தைப் பென் டிரைவில் நகலெடுத்தேன், நகல் சரியாக விழுந்ததா என்று பார்ப்பதற்காகத் திரும்ப அதே இடத்தில் இறக்கினேன். இறக்கிய தேதி இன்று. இறக்கிய நேரம் பத்து நாற்பது. பொட்டலம் புதியது. என் வரியைத் தூக்கி எறிந்துவிட்டது, இந்நேரம் எறிந்திருக்கும். உள்ளே என்ன சொல் இருக்கிறதோ. தரவு போனால் போகட்டும், பென் டிரைவ் என் கைக்குள் இருக்கிறது, வேர்வையில் நனைந்து, ஆயிரம் தடவை ஏற்றலாம். ஆனால் இன்னொரு சைபர் வந்தால் முடிந்தது. ஒரு வரியை மாற்றினாலும் அழிகிறது, மாற்றாவிட்டாலும் அழிகிறது, அப்புறம் என்னம்மா உன் வரி என்பார்கள். இந்தப் பொண்ணுங்க தொட்டாலே அழியுது என்று அந்த டீ குடிப்பவர் சொல்வார், சிரிப்பார்கள், பதினொன்றரைக்குக் கதவைச் சாத்துவார்கள், ஜெபசீலி மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள், மூன்றாவது படியில், அவள் இங்கே வரக் கூடாதே, அங்கேயிருந்து எழுந்து விடுதிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டுவாள். என்னையும் குறை சொல்ல மாட்டாள். அதுதான் கொடுமை. நீ சத்தம் போட்டதனாலதான்ட்டி என்று ஒரு வார்த்தை சொன்னால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இப்போது நிறுத்தலாமா? நடுவில் நிறுத்தினால் பாதி இடித்த சுவர். நிறுத்தாதே. தட்டாதே. தட்டுவதை நிறுத்தினால் அங்கேயே நிற்குமா? என் விரல்கள் தானாக நின்றுவிட்டன. "என்னாச்சும்மா, குழப்பம் தீந்துபோச்சா?" என்கிறார் முருகையா அண்ணன்.

இரு. யோசி. கத்தாதே, யோசி. வாதாடத் தெரியும் என்கிறாயே, உன்னிடமே வாதாடு. பொட்டலத்தைக் கட்டியது யார்? இரண்டு வருடத்துக்கு முன் படித்துப் போன சீனியர்கள். மே மாதம் மாற்றியது எதை? கோப்புறையில் இருந்த ஃபைலை. பொட்டலத்தை யாரும் தொடவில்லை, காலையில் அதன் தேதியைப் பார்த்தேனே, இரண்டு வருடத்துப் பழைய தேதி. அப்படியானால் பொட்டலத்துக்குள் இருப்பது சீனியர்கள் எழுதிய சொல். அது என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. ஆனால் போன வருடமும் ஆயுத பூஜை வந்தது. போன வருடமும் முருகையா அண்ணன் சந்தனம் தடவினார், சர்வரை நிறுத்தினார்கள், மறுபடி எழுப்பினார்கள், ஒரு மதிப்பெண்கூடத் தொலையவில்லை. சீனியர்களின் சொல் 'கிரியேட்' என்றிருந்தால் போன வருடமே எல்லாம் போயிருக்கும். போகவில்லை. ஆகவே அது 'கிரியேட்' இல்லை. ஆகவே கோப்புறையைத் தூக்கி எறிந்தாலும் சரி, எறியாவிட்டாலும் சரி, என் சொல் நின்றாலும் சரி, சீனியர்களின் சொல் வந்தாலும் சரி, அழியாது. ஆகவே. எவ்வளவு அழகான சொல் இந்த ஆகவே. ஏசிக் காற்று முதன்முறையாகக் குளிராமல் இதமாகப் படுகிறது, முதுகில் வேர்வை காய்கிறது, தோள் இரண்டும் இவ்வளவு நேரம் காதுக்குப் பக்கத்தில் ஏறி நின்றிருக்கின்றன என்பது அவை இறங்கும்போதுதான் தெரிகிறது. பென் டிரைவைத் தரையில் வைக்கிறேன், உள்ளங்கையில் அதன் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருக்கிறது. போன வருடத்துப் பூஜைக்கு ஒரு கும்பிடு. நான் கும்பிடுகிற ஆள் இல்லை, இருந்தாலும் இது கணக்கில் ஒரு படி, படிக்கு மரியாதை தரலாம். மறுபடி தட்டுகிறேன், இப்போது நிதானமாக, ஜெபசீலி பெயரை, என் பெயரை, சாயர்புரம் என்று, சுண்டல் என்று, வாய்க்கு வந்ததெல்லாம் விரலுக்கு வரட்டும். திரை அசைகிறது. ஒரு வரி. இன்னொன்று. பொட்டலத்தைப் பிரிக்கிறேன் என்று ஒரு வரி, பிரித்துவிட்டது பார், நான் பயந்தபடியே, பிரி ராசா பிரி. தரவுத்தளத்தோடு இணைந்தேன் என்கிறது. அட்டவணைகளைப் பார்த்தேன் என்கிறது. இடித்தேன் என்று எங்கேயும் சொல்லவில்லை. எழுந்துவிட்டேன், நான்கு நிமிடம் முப்பத்தெட்டு விநாடி என்கிறது.

எண்ணச் சொல்லிக் கேட்கிறேன். அறுநூற்று நாற்பத்தொன்று. முருகையா அண்ணன் குனிந்து விரலால் திரையைத் தொட்டு ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கிறார். என் கண்ணில் தண்ணீர் வருகிறது, அழுகை இல்லை, இவ்வளவு நேரம் இமைக்காமல் இருந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். நான்காவது விதமாகக் கேட்க வாயைத் திறக்கிறேன், வார்த்தைகளெல்லாம் வரிசையாகத் தயாராக நிற்கின்றன, அதற்குள் கதவு திறக்கிறது. ஜெபசீலி. முருகையா அண்ணன் எப்போது வெளியே கையைக் காட்டினாரோ. வாசலில் நின்று திரையைப் பார்க்கிறாள், எண்ணைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கவில்லை. உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை, வந்துவிட்டாள். "ஏட்டி," என்கிறேன், "நான் பேசுதேன், நீ சும்மா இரு." "நீ பதினோரு நாளாப் பேசிட்ட இசக்கி, கொஞ்சம் பொறு," என்கிறாள். என்னை அப்படி யாரும் நிறுத்தியதில்லை, நிறுத்தினால் நான் நின்றதில்லை, நின்றுவிட்டேன், நிற்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரியாமல் போயிற்று. அவள் சாருக்கு நேர் எதிரில் போய் நிற்கிறாள். குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. "சார், கவனக்குறைவுன்னு அந்த லெட்டர்ல நீங்க சொல்லச் சொல்லத்தான் எழுதினேன். அது யாரு கவனக்குறைவு சார்?" சார் கண்ணாடியை மாட்டுகிறார், அவளைப் பார்க்கிறார், நாற்காலியிலிருந்து எழுகிறார், இந்த மூன்றையும் இவ்வளவு மெதுவாகச் செய்ய முடியும் என்று நான் நினைத்ததில்லை.

"என்னோடதும்மா. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்களுக்குக் காலியா ஒண்ணு காட்டலாம்னு மே மாசம் நான்தான் அதை மாத்தினேன், அன்னைக்கு அவங்க வரல, நானும் திருப்பி மாத்தல. முந்தாநாள் செவ்வாக்கிழமையே ஞாபகம் வந்துட்டு, சொல்ல வாய் வரல. வா, உள்ள அவங்ககிட்ட நான் சொல்லும்போது நீயும் பக்கத்துல நில்லு."